இடப்புறமாகச் சுற்றும் தண்ணீர்

மலேசியாவுக்குப் போகிறவர்கள் இரட்டைக் கோபுரம் பார்க்கப் போவார்கள், பத்துமலை முருகனைப் பார்க்கப் போவார்கள், சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்குப் போவார்கள். நான் போனது ஒரு தொட்டித் தண்ணீரைப் பார்க்க. கெடா மாநிலத்தில், கோலா கெத்திலுக்குப் பக்கத்தில், ஒரு ரப்பர் ஆலையின் பின்கட்டில் அந்தத் தொட்டி இருக்கிறது. ஆலையின் பெயர் இங்கே வேண்டாம்.

தண்ணீர் என்றால் நல்ல தண்ணீர் இல்லை. ரப்பர் பாலை உறையவைத்து எடுத்த பிறகு மிஞ்சுகிற புளித்த கழிவுநீர். அதில் நீந்தும் பாக்டீரியாக்கள்தான் என் படிப்பு. ஒரு சொட்டில் அவை கோடிக்கணக்கில் நெருங்கியிருக்கும்போது தனித்தனியாக நீந்துவதில்லை. ஒன்று தள்ளுவது இன்னொன்றை இழுக்கும். கடைசியில் தண்ணீருக்கே உயிர் வந்ததுபோல் தானாக ஓடத் தொடங்கும். அகலமான கிண்ணத்தில் விட்டால் அந்த ஓட்டம் திசையில்லாத சந்தைக் கூட்டம். அதையே தலைமுடியின் தடிமன்கூட இல்லாத வட்டக் குழிக்குள் அடைத்தால் ஒழுங்குக்கு வந்து செக்குமாடுபோல் சுற்றும். அடைக்கிற இடம் மாறினால் ஓட்டம் மாறும்.

எந்தப் பக்கம் சுற்றும் என்பது மட்டும் காசைச் சுண்டுவதுபோல. பாதிக் குழிகளில் வலமாக, பாதிக் குழிகளில் இடமாக. ஆனால் ஆறு மாதத்துக்கு முன் முறைப்படி அனுமதி பெற்றுச் சென்னையில் எங்கள் ஆய்வகத்துக்கு வந்த அந்தத் தொட்டியின் பாக்டீரியா, நான் பார்த்த அத்தனை குழிகளிலும் இடமாகவே சுற்றியது. முதல் தடவை பார்த்தபோது நுண்ணோக்கியிலிருந்து முகத்தை எடுத்துக்கொண்டேன். நூற்றுக்கணக்கான வட்டங்கள், சாமியைச் சுற்றக் கூடாத திசையில், சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன.

பயம் போனதும் பெருமை வந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் கோவில்பட்டிப் பக்கம் செங்கல் சூளையில் இருக்கிறார்கள். என் பெயர் முதலில் வரும் கட்டுரை ஒன்று தயாராகிவிட்டது என்று தெரிந்ததும் அப்பா சூளை முதலாளியிடமே போய்ச் சொல்லிவிட்டார். என் ஆராய்ச்சிக்குப் பொறுப்பான மேடம் மட்டும் கட்டுரையை அனுப்பாமல் வைத்திருந்தார். "அங்கேயே போய்ப் புதுத் தண்ணியில ஒரு தடவ பாரு. அங்கயும் இடமா சுத்தினா அனுப்பிடுவோம். இல்லன்னா நிறுத்தி வைப்போம்" என்றார். ஐந்து நாள் கொடுத்தார்.

கட்டுரையில் ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. "குழிகள் மேலும் கீழும் கண்ணாடியால் மூடப்பட்டிருந்தன" என்று எழுதியிருந்தேன். கீழே கண்ணாடி இருந்தது உண்மை. மேலே மூடவில்லை. ஆறு மாதத்துக்கு முன் மூடிக் கண்ணாடிப் பெட்டி தீர்ந்துபோனது. வேறொன்று கேட்டிருக்கலாம். ஆனால் அதற்கு முன் ஒருமுறை கையுறை கேட்டபோது ஒரு சீனியர், "எல்லாத்தையும் இவ்வளவு சீக்கிரம் தீத்துடுறாங்க" என்று பொதுவாகக் காற்றில் சொன்னார். அதற்குப் பிறகு நான் எதையும் கேட்கவில்லை. மூடாமலேயே பார்த்தேன். எல்லாரும் எழுதுகிற வரி என்பதால் அதையும் எழுதிவிட்டேன்.

சுங்கைப் பட்டாணியில் இறங்கியபோது காலை பத்து மணி. வெயிலும் இல்லை, மேகமும் இல்லை. எங்கோ காடு எரிகிற புகை கடல் தாண்டி வந்து ஊரை மூடியிருந்தது. சூரியன் சிவந்த பொத்தான்போல் இருந்தது. வெறுங்கண்ணால் பார்க்க முடிந்தது. நிழல்கள் இல்லை. மனிதர்கள் நிழலில்லாமல் நடந்துபோவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு தமிழ் முஸ்லிம் உணவகம். ரொட்டி சானாய் கேட்டேன். நம் பரோட்டாதானே என்று கேட்டதற்குக் கடைக்காரர், "பரோட்டா மாதிரி லா. ஆனா பரோட்டா இல்ல. சாப்ட்டுட்டு நீங்களே சொல்லுங்கம்மா" என்றார். அந்த ஊர்ப் பேச்சில் வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு 'லா' வரும். மெல்லியது, ஓரம் மொறுமொறுப்பு, கூடவே பருப்புக் கறி. எங்கள் ஊர் சால்னாவுக்கு முன் அது நிற்காது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இரண்டாவதும் வாங்கினேன். அவருடைய பாட்டனார் ராமநாதபுரத்துக்காரராம், இவர் பார்த்ததில்லை. பக்கத்து மேசையில் இரண்டு மலாய்ப் பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன சொல்கிறார்கள் என்று கடைக்காரரிடம் கேட்டேன். பள்ளி விடுமுறையில் இந்தப் புகையும் சேர்ந்துகொண்டதால் பிள்ளைகள் வெளியே போக முடியாமல் டின்னுக்குள் விட்ட மீன்போல் வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகின்றன என்று ஒருத்தி சொன்னாளாம். எந்தப் பக்கமாகச் சுற்றுகின்றன என்று கேட்க நாக்குவரை வந்தது.

என்னை அழைத்துப்போக வந்தவர் சுப்ரா அண்ணன். ஐம்பது வயதிருக்கும். ஆலையில் கழிவுநீர்க் குளங்களுக்குப் பொறுப்பு. ஆலைக்காரர்கள் நான் தங்க ஏற்பாடு செய்திருந்த ரோஸ்மேரி அக்கா வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர். பழைய கார், கண்ணாடி இறங்காது. புக்கிட் செலம்பாவில் வீடு. நெடுஞ்சாலையில் விபத்து என்று, பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்குள் குறுக்கே விட்டார்.

செம்பனைத் தோட்டத்தை அதுவரை நான் படத்தில்தான் பார்த்திருந்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே வரிசை, ஒரே இடைவெளி, ஒரே இருட்டு. புகை மரங்களுக்கிடையே தரையோடு நின்றது. கால் மணி நேரம் ஓட்டியபின் ஒரு மரத்தில் வெள்ளைச் சாயத்தால் போட்ட பெருக்கல் குறியைக் கடந்தோம். அடுத்த கால் மணி நேரத்தில் அதே குறியைக் கடந்தோம். மூன்றாவது முறையும் கடந்தபோது அண்ணன் வண்டியை நிறுத்தினார்.

"முப்பது வருஷமா போற வழி லா இது" என்று தனக்கே சொல்லிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். "நேராத்தான் தங்கச்சி ஓட்டுறேன். நீயே பாத்தல்ல?"

பார்த்தேன். அவர் நேராகத்தான் ஓட்டினார். ஆனால் பாதையின் இடப்பக்க வாய்க்காலுக்குப் பயந்து கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் ஒடித்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு பிரிவிலும் வலப்பக்கக் கிளையே நேர்வழிபோல் தெரிந்தது. அதைச் சொன்னேன். அவர் வண்டியைத் திருப்பி, பிரிவு வரும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு இடப்பக்கம் ஒடித்தார். பத்து நிமிடத்தில் தார்ச்சாலை வந்தது. நான்தான் வழி கண்டுபிடித்தேன் என்று அன்று இரண்டு முறையாவது ரோஸ்மேரி அக்காவிடம் சொல்லியிருப்பேன்.

ரோஸ்மேரி அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது. இடைநிலைப் பள்ளியின் அறிவியல் கூடத்தில் உதவியாளர். கணவர் அந்தோணி இரண்டு வருடத்துக்கு முன் நெஞ்சுவலியில் வீட்டிலேயே இறந்துபோனார். சுப்ரா அண்ணனுக்கு முன் குளங்களைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். கூடத்தில் மாதா படத்துக்குக் கீழே அவர் படம் இருந்தது. ஆலைச் சீருடையில், கையில் நீண்ட மூங்கிலோடு.

இரண்டாம் நாள் காலை ஆலைக்குப் போனேன். ரப்பர் ஆலையின் நாற்றத்தை எழுதிப் புரியவைக்க முடியாது. மோர் புளித்து, அதில் தோல் ஊறியதுபோல் என்று வைத்துக்கொள்ளலாம். அலுவலகத்தில் அனுமதிக் கடிதத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடவே பன்னிரண்டாகிவிட்டது. சுப்ரா அண்ணன் வழியைக் காட்டிவிட்டுச் சாப்பிடப் போனார். ஆலை நின்றிருந்தது. ஒரு மனிதர் கண்ணில் படவில்லை.

தொட்டிக்குப் போவது ஒற்றையடிச் சிமெண்டுப் பாதை. வலப்பக்கம் தோள் உரசும் கம்பி வேலி, இடப்பக்கம் தொட்டி. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் தண்ணீரில் விழவேண்டியதுதான். வேலிக்கு அப்பால் ரப்பர் மரங்கள். காய் வெடிக்கும் பருவம். எங்கிருந்தென்று தெரியாமல் 'டப்' என்று ஒரு சத்தம், கொட்டை இலைகளில் பட்டு உருளும் சத்தம், பிறகு அமைதி. மறுபடியும் 'டப்'.

தொட்டி வட்டம். பத்தடிக்கு மேல் இருக்காது. நடுவில் காற்றை அடிக்கும் இயந்திரம் துருப்பிடித்து நின்றது. அது ஓடாமல் ரொம்ப நாளாகிவிட்டது என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். நீர் வரும் குழாயும் மூடியிருந்தது. தண்ணீரின் நிறம் இளஞ்சிவப்பு. பீட்ரூட் வெந்த தண்ணீரில் பால் விட்டதுபோல். அப்படியொரு நிறம் சில பாக்டீரியாக்களால் வரும் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால் பயம் குறைந்துவிடவில்லை.

தண்ணீர் சுற்றிக்கொண்டிருந்தது.

மெதுவாக, இடமாக. ஒரு சருகு ஓரத்தில் என்னைத் தாண்டிப் போய், துருப்பிடித்த இயந்திரத்துக்குப் பின்னால் மறைந்து, மறுபடி என் காலடிக்கு வந்தது. காற்று இல்லை, புகைகூட அசையவில்லை. பாக்டீரியாவால் பத்தடித் தொட்டியைச் சுற்றவைக்க முடியாது. அவற்றின் ஒழுங்கெல்லாம் தலைமுடி அகலத்துக்குள்தான். அதற்கு மேல் போனால் ஒன்றையொன்று குலைத்துக்கொள்ளும். இதை நான் கரும்பலகையில் கணக்காக எழுதிக் காட்டுவேன். அந்தக் கணக்கு அங்கே எனக்கு உதவவில்லை. குப்பியை நீருக்குள் விட்டேன். ஓட்டம் குப்பியை லேசாக இழுத்தது, யாரோ வாங்கிக்கொள்ள வருவதுபோல.

சுப்ரா அண்ணன் திரும்பி வந்தபோது நான் எதுவும் கேட்கவில்லை. முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவள் தண்ணீர் ஏன் தானாகச் சுற்றுகிறது என்று கேட்பதா?

சாயங்காலம் ரோஸ்மேரி அக்கா மீன் வறுத்துக்கொண்டே கேட்டார். "தண்ணி சுத்திச்சா?"

"சுத்திச்சுக்கா."

"அது நிக்காது. எங்க வீட்டுக்காரர் போனதுலேர்ந்து நின்னதில்ல." மீனைத் திருப்பிப் போட்டார். "நின்னாத்தான் பயம். மொளகா சம்பால் காரமா இருக்கும், தண்ணி பக்கத்துல வெச்சுக்கோ."

அதற்கு மேல் பேச்சு மீனைப் பற்றியே போய்விட்டது. நானும் விட்டுவிட்டேன். பெட்டியில் கொண்டுவந்திருந்த சத்துக் கரைசலில் தொட்டித் தண்ணீரைக் கலந்து பாக்டீரியா பெருகுவதற்காக இரவு முழுக்க வைத்தேன். ஒரு எண்ணம் தோன்றி, இன்னொரு குப்பியில் அக்கா வீட்டுக் கொல்லை வாய்க்கால் தண்ணீரையும் அப்படியே வைத்தேன். ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது வேண்டுமே. வாய்க்கால் தண்ணீர் பாதிக்குப் பாதி சுற்றும். என் தொட்டித் தண்ணீரின் அருமை அப்போது இன்னும் தெளிவாகும்.

மூன்றாம் நாள் அக்காவின் பள்ளிக்குப் போனோம். விடுமுறை. தலைமையாசிரியரிடம் அக்காவே அனுமதி வாங்கியிருந்தார். காலியான பள்ளிக்கூடம் எங்கும் ஒன்றுதான் போலிருக்கிறது. நாற்காலிகள் மேசைமேல் தலைகீழாக, கரும்பலகையில் யாரோ பாதியில் விட்ட தேதி. அக்காவின் அறிவியல் கூடம் மட்டும் வீட்டுப் பூஜையறைபோல் சுத்தம். அலமாரியில் ஒவ்வொன்றுக்கும் பெயர்ச்சீட்டு. நான் குழிகள் பதித்த என் தகடுகளை எடுத்து, தொட்டி பாக்டீரியாவை நிரப்பி, வரிசையாக மேசைமேல் வைத்தேன். அதற்குள் அப்பா கூப்பிட்டார். கைப்பேசிக்குச் சிக்னல் சரியாகக் கிடைக்காததால் வராந்தாவின் கோடிவரை நடந்தேன்.

அப்பா கேட்டதெல்லாம் ஒன்றுதான். "சரியா வந்துச்சாம்மா?" இன்னும் பார்க்கவில்லை என்றேன். "வரும். நீ பாத்தா வரும்" என்றார்.

திரும்பி வந்து நுண்ணோக்கியில் கண் வைத்தேன். முதல் குழி இடம். இரண்டாவது வலம். மூன்றாவது வலம். நான்காவது இடம். தகடு முழுக்க நகர்த்திப் பார்த்தேன். அடுத்த தகட்டையும் பார்த்தேன். பாதிக்குப் பாதி. காசு சுண்டியதுபோல்.

கண்ணை எடுத்தேன். அப்புறம்தான் பளபளப்பைக் கவனித்தேன். ஒவ்வொரு தகட்டின் மேலும் ஒரு மூடிக் கண்ணாடி, ஓரம் பிசகாமல், குமிழி இல்லாமல் படிந்திருந்தது.

"நான்தான் போட்டேன்" என்றார் அக்கா. "புகைச் சாம்பல் விழுதுல்ல? மூடி இல்லாம ஸ்லைட மேசைல வைக்கிறது எங்க லேப்ல கெடயாது தங்கச்சி. இருவத்திரண்டு வருஷமா பிள்ளைங்களுக்கு அதான் மொத பாடம்."

நான் கத்திவிட்டேன். என் பொருளை என்னைக் கேட்காமல் தொடுவதா, இதன் அருமை உங்களுக்கு என்ன தெரியும் என்று. சொல்லும்போதே அந்தக் குரலை எங்கள் ஆய்வகத்தில் கேட்டிருக்கிறேனே என்று தோன்றியது. அக்கா முகம் சுருங்கவில்லை. "சரி, கழட்டிடு. மூடியில்லாம என்ன செய்யுதுன்னு பாரு" என்று சொல்லிவிட்டு, எனக்கும் சேர்த்துத் தேநீர் வைக்கப் போனார்.

கழற்றினேன். புதிதாக நிரப்பிய தகடுகளையும் மூடாமல் வைத்தேன். பார்த்தேன். முதல் குழி இடம். இரண்டாவது இடம். எல்லாம் இடம். ஒன்றைப்போல் ஒன்று, அதே பழைய சுழற்சி.

முதலில் வந்தது நிம்மதி என்பதை மறைக்க மாட்டேன். புதுத் தண்ணீர், ஊர் விட்டு ஊர், இருந்தும் இடமாகச் சுற்றுகிறது. மேடம் கேட்டது இதுதான். மூடியோடு பார்த்ததை யாரிடமும் சொல்லவேண்டியதில்லை. அக்காவுக்கு அதன் பொருள் தெரியாது. தேநீரைக் குடித்தேன்.

நான்காம் நாள் வாய்க்கால் தண்ணீரை எடுத்தேன். மேசைக்கு முன் உட்கார்ந்ததுமே என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது. பார்க்காமல் இருக்கக் காரணம் தேடினேன், கிடைக்கவில்லை. மூடியில்லாத குழிகளில் நிரப்பிக் கண்ணை வைத்தேன்.

இடம். இடம். இடம். பாத்திரம் கழுவிய தண்ணீர், கோழி இறகு மிதக்கும் வாய்க்கால், அதுவும் இடம்.

என் தொட்டியில் அதிசயம் எதுவும் இல்லை. காரணத்தை யோசிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆறு மாதமாக யோசிக்காமல் இருந்திருக்கிறேன், அவ்வளவுதான். தரைக் கண்ணாடியை ஒட்டி நீந்தும் பாக்டீரியா, அதன் வால் சுழலும் விதத்தால், எப்போதும் வலப்பக்கம் ஒதுங்கும். மேலேயும் கண்ணாடி இருந்தால் அங்கே நீந்துபவை எதிர்ப்பக்கம் ஒதுங்கி இதைச் சமன்செய்துவிடும். மேலே வெறும் காற்று என்றால் சமன்செய்ய யாருமில்லை. எல்லாம் வலப்பக்கம் ஒதுங்கிப் போய்க் குழியின் சுவரில் முட்டும். பிறகு சுவரை வலக்கையால் தடவிக்கொண்டே ஓடும். வட்டச் சுவரை வலக்கையால் தடவிக்கொண்டு ஓடுகிறவர்கள் இடமாகத்தான் சுற்றியாக வேண்டும். ஒவ்வொன்றும் திரும்புவது வலப்பக்கம். கூட்டம் போவது இடப்பக்கம். திசையைத் தீர்மானித்தது என் பாக்டீரியா இல்லை. நான் போடாமல் விட்ட மூடி.

இதை உறுதிசெய்ய இரண்டு தண்ணீரையும் மூடியோடும் மூடியில்லாமலும் பல தடவை எண்ணவேண்டும். அதற்கு நிறைய மூடிக் கண்ணாடி வேண்டும். என்னிடம் ஒன்றுகூட இல்லை. அலமாரிக்கு முன் நின்றேன். 'மூடிக் கண்ணாடி' என்று அக்காவின் உருண்டைக் கையெழுத்தில் எழுதி ஒட்டிய பெட்டிகள் ஏழோ எட்டோ இருந்தன. நேற்று கத்தியதற்கு மன்னிப்பே இன்னும் கேட்கவில்லை.

"அக்கா, நேத்து அப்படிப் பேசியிருக்கக் கூடாது. எனக்கு ஒரு பெட்டி மூடி தருவீங்களா?"

"இத போயி கேக்கணுமா?" என்று இரண்டு பெட்டியை எடுத்துக் கையில் வைத்தார். "தீந்தா இன்னொண்ணு எடுத்துக்கோ லா. அதுக்குத்தான வாங்கி வெச்சிருக்கு."

சாயங்காலம்வரை எண்ணினோம். நான் பார்த்துச் சொல்லச் சொல்ல அக்கா நோட்டில் இரண்டு பத்தியாகக் கோடு போட்டார். மூடியவற்றில் இரண்டு பத்தியும் சமமாக நீண்டன. மூடாதவற்றில் ஒரு பத்தி மட்டும் பக்கத்தின் அடிவரை போனது. அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப எங்க தொட்டி ஒண்ணும் பெருசில்லயா?" என்றார். குரலில் லேசான ஏமாற்றம். எனக்கு இருந்ததில் பாதி அவருக்கும் இருந்தது.

ஐந்தாம் நாள் காலை கிளம்பும் முன் ஆலைக்குப் போய் அனுமதி அட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. பத்தரை மணி. இந்த முறை ஆலை ஓடிக்கொண்டிருந்தது. பாலை ஊற்றிவிட்டுக் கைகழுவிய, ரப்பர் மரத்தைக் கீறிப் பாலெடுக்கும் தொழிலாளர்கள் வாசலுக்குப் போக ஒரே வழி தொட்டியோரப் பாதைதான். வண்டிகள் உள்ளே வரும் பெரிய வழியில் நடக்க அனுமதியில்லை. நானும் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டேன்.

முன்னால் போன பெண்மணி தொட்டி அருகே வந்ததும், கொக்கியில் மாட்டியிருந்த மூங்கிலை எடுத்து, தண்ணீரில் ஊன்றி, நடக்கிற போக்கில் முன்னால் ஒரு தள்ளு தள்ளினார். மூங்கிலைப் பின்னால் வருகிறவரிடம் நீட்டிவிட்டுப் போனார். அவரும் ஒரு தள்ளு. அடுத்தவரும். யாரும் நிற்கவில்லை, பேச்சைக்கூட நிறுத்தவில்லை. தொட்டி இடக்கைப் பக்கம். முன்னோக்கித் தள்ளினால் தண்ணீர் இடமாகத்தான் சுற்றும். படத்தில் அந்தோணி கையிலிருந்த மூங்கில் அதுதான் என்று கணுவில் கட்டியிருந்த சிவப்புக் கம்பியைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

இரண்டாம் நாள் மதியம் நான் வந்தது கடைசி ஆள் போய்ச் சற்று நேரத்தில். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

எதற்காகத் தள்ளுகிறீர்கள் என்று கேட்டேன். நின்றால் நாறும், சோதனைக்காரர்கள் வருவார்கள் என்றார் ஒருவர். தண்ணீர் தூங்கக் கூடாது என்றார் ஒரு பெண்மணி. ஒரு நேப்பாளித் தொழிலாளி மலாயில் ஏதோ சொன்னார். சுப்ரா அண்ணன் தமிழில் சொன்னார்: முன்னால் போனவர் தள்ளினார், அதனால் நானும் தள்ளுகிறேன். அந்தோணியின் பெயரை யாரும் சொல்லவில்லை.

"யாருண்ணே இப்படிச் செய்யணும்னு சொன்னது?"

"யாரும் சொல்லல லா" என்றார் சுப்ரா அண்ணன். "மோட்டாரு கெட்டுப்போன அன்னிக்கு அந்தோணிண்ணன் மூங்கில வெச்சுத் தள்ளிக்கிட்டு இருந்தாரு. மறுநா அவரு வரல. தண்ணி சுத்திக்கிட்டுத்தான் இருந்துச்சு."

மூங்கில் என் கைக்கு வந்தது. ஈரமாக, முன்னால் இருந்தவரின் சூட்டோடு. எனக்கு ஒன்று தோன்றியது. வலமாகச் சுற்றவைத்தால் என்ன? இத்தனை பேரில் ஒருவர்கூடவா முயன்று பார்க்கவில்லை? மூங்கிலை ஊன்றி, என் பக்கமாகப் பின்னோக்கி இழுத்தேன். முழங்கை வேலியில் இடித்தது. திரும்பி நின்று இழுக்கலாமென்றால் தோள் கம்பியில் மாட்டிற்று. பின்னால் நின்றவர்கள் காத்திருந்தார்கள். வரிசை ஆலைக்குள்வரை நீண்டிருந்தது. இளஞ்சிவப்புத் தண்ணீர் மூங்கிலை உரசிக்கொண்டு அதன் வழியில் போனது.

முன்னோக்கித் தள்ளினேன். கைக்குக் கனமே தெரியவில்லை.

வாசலில் ரப்பர் மரங்களுக்கடியில் நின்று மேடத்தைக் கூப்பிட்டேன். கேட்பதற்கு முன்னே சொல்லிவிட வேண்டும் என்று அவசரமாகச் சொன்னேன். மேலே மூடி போடவில்லை மேடம், ஆறு மாதமாகப் போடவில்லை, போட்டதாக எழுதியது பொய். மூடினால் பாதிக்குப் பாதிதான். மூடாவிட்டால் வாய்க்கால் தண்ணீரும் இடமாகத்தான் சுற்றுகிறது.

பக்கத்து மரத்தில் ஒரு காய் வெடித்தது.

"என்ன சத்தம் அது?"

"ரப்பர் காய் வெடிக்குது மேடம்."

"அந்தக் கட்டுரை போச்சு. தெரியுதுல்ல?"

"தெரியுது மேடம்."

"பொய் எழுதினதப் பத்தி வந்தப்புறம் தனியாப் பேசணும். அது சின்ன விஷயமில்ல." பிறகு கேட்டார்: "மூடி போட்டது யாரு?"

"இங்க ஸ்கூல் லேப்ல ஒரு அக்கா."

"அவங்க முழுப் பேர எழுதி வாங்கிட்டு வா. எண்ணின நோட்டையும்."

அப்பாவிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வேலிப்பக்கம் திரும்பினேன். பாதையில் இப்போது யாரும் இல்லை. கடைசியாகப் போனவர் மூங்கிலைக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போயிருந்தார். அதன் நுனியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. புகைக்குள் சிவந்த பொத்தான் சூரியன். தண்ணீர் மெதுவாகச் சுற்றியது. அதில் எந்தச் சுற்று அந்தோணியுடையது, எது நேப்பாளியுடையது, எது என்னுடையது என்று பிரித்துச் சொல்ல எந்த நுண்ணோக்கியாலும் முடியாது. ஒரு சருகு ஓரமாக வந்து, என்னைக் கடந்து, இயந்திரத்துக்குப் பின்னால் போய் மறைந்தது.

அது திரும்பி வரும்வரை நின்றுவிட்டு வண்டி ஏறினேன்.